ஒரு விரல் மரம்

17 ஜூன் 1993, வியாழன்

கோயில் எரிந்துவிட்டது.

காலை ஆறரைக்குக் கோயிலின் பொறுப்புக்காரி கிறேத்தா தொலைபேசியில் கூப்பிட்டு, "இண்டைக்கு வேலைக்கு வராதே" என்றார். ஏன் என்று கேட்டேன். "கூட்டிறதுக்கு ஒண்டும் இல்லை" என்றார். பகிடி விடுகிறாரோ என்று நினைத்தேன். ஆனால் அஸ்க்தால் ஊருக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் கிறேத்தா பகிடி விட்டு நான் கேட்டதே இல்லை. (அவர் கதைப்பது நோர்வேஜியம். என் கொப்பிக்குள் வரும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது. நான் என்ன செய்ய?)

போட்டது போட்டபடி ஓடினேன். மேட்டில் புகைதான் நின்றது. நான் கிழமைக்கு மூன்று நாள் கூட்டித் துடைத்த கோயில். எங்கள் ஊர் மாதா கோயில்கள் மாதிரிக் கல்லும் சுண்ணாம்பும் இல்லை. தூண், சுவர், கூரை எல்லாம் மரம். எண்ணூறு வருஷமாகத் தார் பூசிப் பூசி வைத்த மரம். மூன்று மணித்தியாலத்தில் முடிந்ததாம்.

ஊர்ச் சனம் முழுக்க வந்து நின்றது. ஒருவரும் அழவில்லை, இந்தச் சனம் அழாது. நான்தான் வீதியோரம் குந்தியிருந்து குழறினேன். இவர் தோளைப் பிடித்து, "இஞ்சேரும், எழும்பும். சனம் பாக்குது" என்றார். நான் ஏன் அப்படி அழுதேன் என்று இவருக்குத் தெரியாது. ஏப்ரலில் நான் செய்த வேலையை இவருக்கு நான் சொல்லவில்லை.

18 ஜூன்

பொலிஸ் வந்து அரை மணித்தியாலம் கேட்டார்கள். கடைசியாக எப்போது கூட்டினாய், சூடாக்கியை நிறுத்தினாயா, வயரில் ஏதும் கருகல் மணம் வந்ததா? எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். "கோயிலிலயிருந்து எப்பவாவது ஏதும் காணாமல் போனதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

பொய் சொல்லும்போது என் நோர்வேஜியம் நன்றாக வருகிறது.

20 ஜூன், ஞாயிறு

ஒருவரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

எங்கள் சனம் ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போனால் ஒரு பிடி மண் எடுக்காமல் திரும்பாது. பாம்பு கடித்தாலும் மடு மண், காய்ச்சல் என்றாலும் மடு மண், வயிற்றில் பிள்ளை தங்காவிட்டாலும் மடு மண்தான். எனக்கு மூன்று தரம் தங்கவில்லை. கடைசித் தரம் ஐந்தாம் மாதத்தில். பேர்கூட வைத்துவிட்டோம். மண் அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு எழுதினேன். "சண்டையால பாதை பூட்டிக் கிடக்கு மகள், மடுவுக்கு ஒருத்தரும் போகேலாது" என்று ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது.

அந்தக் கடிதம் வந்த கிழமைதான் கிறேத்தா கோயில் வாசலுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு கீறலைக் காட்டினார். பழைய எழுத்து. கட்டிய காலத்தில் யாரோ கத்தியால் கீறியிருக்கிறான். "மரியே வாழ்க எண்டு எழுதியிருக்கு. அப்ப இஞ்சையும் உங்கடை கத்தோலிக்கச் சபைதான், பேந்துதான் நாங்கள் மாறினது" என்றார். எனக்குப் புல்லரித்துப் போனது. மாதா என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறா, நான் அவவைச் சுற்றித் தூசி தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

தூணில் கை வைக்கப் பயம். அதற்குப் பக்கத்தில், வாசல் நிலையின் பின்பக்கப் பலகை கொஞ்சம் வெடித்திருந்தது. தரை சுரண்டும் தகட்டை விட்டு நெம்பினேன். நடுவிரல் அளவில் ஒரு துண்டு வந்தது. மடுவில் மண் என்றால் இங்கே மரம், கோயிலே மரம்தானே என்று என் புத்தி சொன்னது. சீலைத்துண்டில் சுற்றி இடுப்பில் கட்டினேன். ஒரு நேர்த்தியும் வைத்தேன்.

இப்போது கோயில் இல்லை. அதில் மிஞ்சியது என் இடுப்பில் இருக்கிறது. நான் களவெடுத்ததால் எரிந்ததா? அல்லது எரியப்போவது தெரிந்துதான் மாதா என்னை எடுக்க வைத்தாவா? ஒரு மணித்தியாலம் ஒன்றை நம்புகிறேன், அடுத்த மணித்தியாலம் மற்றதை நம்புகிறேன்.

1 ஜூலை

நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஆறு நாள். நெருப்பைப் பார்த்த பயமாக இருக்கும்.

14 ஜூலை

கிறேத்தா எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்துத் தந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை. வெறும் வகுப்புகளைக் கூட்டுகிறேன். வாளித் தண்ணீரைத் தூக்கப் பயமாக இருக்கிறது, கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றுகிறேன். பத்தொன்பது நாள்.

30 ஜூலை

டொக்டர் சொல்லிவிட்டார். ஓம் என்று. மார்ச் மாதம்.

இவரிடம் சொன்னேன். இவர் போய் மீன் தொழிற்சாலைச் சப்பாத்தைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின சப்பாத்து.

23 ஆகஸ்ட், திங்கள்

பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம். கோயிலைத் திருப்பிக் கட்டப்போகிறார்களாம், அளவுக்கு அளவு, முந்தி இருந்த மாதிரியே. தலைமைத் தச்சன் ஹல்வார் என்றொருவர் வந்திருந்தார். செம்பட்டைத் தாடி. மேடையில் ஏறி எல்லோரையும் கும்பிடாத குறையாகக் கேட்டார். "அந்தக் கோயிலின்ரை என்ன இருந்தாலும் கொண்டு வாங்கோ. படம், கதவுத் திறப்பு, ஆணி, மரத்துண்டு. எப்பிடி உங்கடை கையில வந்தது எண்டு நான் கேக்க மாட்டன்."

நான் இடுப்பு முடிச்சைச் சட்டைக்கு மேலால் தடவிப் பார்த்தேன்.

பிறகு கிறேத்தா எழும்பினார். அவர்தான் அந்தக் கோயிலின் திறப்பை இருபத்தெட்டு வருஷம் வைத்திருந்தவர். மணி அடிப்பது, கதவு பூட்டுவது, எங்கள் ஊரில் மூப்பர் செய்கிற வேலை. எல்லோரும் அவர் கட்டச் சொல்லுவார் என்றுதான் பார்த்தார்கள். "அது செத்துப் போச்சு. செத்த ஆளைப்போல பொம்மை செய்து கதிரையில இருத்தி வைக்கிறேல்லை. நீங்கள் கட்டுங்கோ. நான் அந்த மேட்டில கால் வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனத்துக்குக் கைதட்டுவதா பேசாமல் இருப்பதா என்று தெரியவில்லை. எனக்கும்தான். என் இடுப்பில் இருப்பது செத்த ஆளின் விரலா, உயிரோடு இருப்பவரின் விரலா?

5 செப்டம்பர்

பலகாரம் கொண்டுபோகிற சாட்டில் மேட்டுக்குப் போனேன். ஹல்வார் பயற்றம் பணியாரத்தை ஒன்று, இரண்டு, ஐந்து என்று தின்றார். மரம் எரிந்து கரியாகக் கிடக்கிறதே, அதைப் பார்த்துக் கட்ட முடியாதா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"கரியில வளையத்தை எண்ணலாம். என்ன மரம், எத்தினை வயசு எண்டு அது சொல்லும். ஆனால் மேல்தோல் எரிஞ்சு போச்சு. கட்டினவங்கள் கோடாலியை எப்பிடிப் பிடிச்சவங்கள், சாய்ச்சோ நேராயோ செதுக்கினவங்கள் எண்டது மேல்தோலிலதான் இருக்கு. படத்தில அது விழாது. ஒரு விரல் அளவு மரம் கிடைச்சால் போதும் எனக்கு."

ஒரு விரல் என்றுதான் சொன்னார். நான் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

30 செப்டம்பர்

இவர் கண்டுபிடித்துவிட்டார்.

"இதென்ன இடுப்பில?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் மூண்டு முடிச்சு?"

சொன்னேன். இவருடைய முகம் போன போக்கை எழுத முடியாது. "உமக்கென்ன விசரே? எண்ணூறு வருஷத்துக் கோயில் காணும்! எங்கடை வேலிக் கதியால் தடியையே முறிச்சனீர்? பொலிசுக்குத் தெரிஞ்சால் விசாவையும் பறிச்சு ரெண்டு பேரையும் பிளேனில ஏத்தி விடுவாங்கள்."

"விரல் அளவுதானே எடுத்தனான்."

"கையளவு எடுத்திருந்தால் நல்லாயிருந்திருக்கும், வீட்டுக்குக் கதவு போட்டிருக்கலாம்!"

நானும் விடவில்லை. மூன்று தரம் ஆசுபத்திரியில் கிடந்தது நீங்களா நானா என்று கேட்டேன். இவர் கட்டில் ஓரத்தில் இருந்தார். மெல்லக் கேட்டார்: "உந்த மரத்தைக் கட்டின பிறகுதான் பிள்ளை நிண்டதே?"

"ஓம்."

இவர் எழும்பி வந்து, அவிழ்த்ததைத் தானே திரும்ப இறுக்கிக் கட்டிவிட்டார். மூன்று முடிச்சு.

9 ஒக்டோபர், சனி

ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. கோழிக்கறி வைத்தேன், உப்புப் போட மறந்தேன். இவர் உப்பில்லை என்று சொல்லாமல் தின்றார்.

17 ஒக்டோபர்

ஊரே மேட்டுக்குச் சாமான் சுமக்கிறது. கடைக்காரி தன் கலியாணப் படம் கொடுத்தா. ஒரு கிழவர் பத்து வயதில் களவெடுத்த கதவுக் குமிழைக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுபது வருஷத்துக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அவருக்கென்ன, அவருக்கு விசாவும் தேவையில்லை, வயிற்றில் பிள்ளையும் இல்லை.

ஹல்வார் மாதக் கடைசியில் காட்டுக்கு மரம் தெரிவுசெய்யப் போகிறார். அதற்குப் பிறகு செதுக்கத் தொடங்கிவிடுவார்களாம். "பிழையாய்ச் செதுக்கினால் இன்னும் எண்ணூறு வருஷத்துக்குப் பிழைதான்" என்று கடையில் வைத்து என்னைப் பார்த்துச் சொன்னார். சும்மா பார்த்துத்தான் சொன்னார். எனக்குத்தான் குத்தியது.

கொடுத்தால் பிள்ளை போய்விடும். கொடுக்காவிட்டால் களவெடுத்த பொருளில் தொங்குகிற பிள்ளை. அப்படித் தங்குகிற பிள்ளையை மாதா தந்தாவா, நான் பறித்தேனா? மூன்று நாளாக இதே யோசனை. வெங்காயம் வெட்டும்போதுதான் கொஞ்சம் அழ முடிகிறது.

21 ஒக்டோபர், வியாழன்

கொடுத்துவிட்டேன்.

இவரும் வந்தார். தொழிற்சாலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு. மேட்டில் ஹல்வார் மட்டும் இருந்தார். நான் திரும்பி நின்று முடிச்சை அவிழ்த்தேன். மடு மண், அம்மாவின் கடிதம், ஐந்தாம் மாதம் எல்லாவற்றையும் தாறுமாறாகக் கொட்டினேன், பாதி நோர்வேஜியம் பாதி தமிழ். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ. மரத்தை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தார் பூசிய பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். பெருவிரல் நகத்தால் தடவினார். பத்து விநாடி இருக்கும். அவருடைய தோள் அப்படியே தளர்ந்தது.

"இஞ்ச பார். வளைஞ்ச கோடு கோடாய்த் தெரியுதே? இது கோடாலி இல்லை. வட்ட வாள். மில்லில அரிஞ்ச பலகை. எண்பதுகளில திருத்தினவங்கள். போன நூற்றாண்டு எண்பது. வாசல் நிலை முழுக்க அப்ப மாத்தினது."

"அப்ப எண்ணூறு வருஷம்?"

"இல்லை. நூற்றிப் பத்து."

நான் அந்த இடத்திலேயே கல்லில் இருந்துவிட்டேன். தூணைத் தொடப் பயந்து பக்கத்துப் பலகையில் எடுத்தேனே, அந்த மரியாதைக்குக் கிடைத்தது மில் பலகை! ஆறு மாதமாக மில் பலகையை இடுப்பில் கட்டிக்கொண்டு மாதாவே மாதாவே என்று திரிந்திருக்கிறேன். இவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, அது தும்மலாக வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப அந்தக் கோயிலில எதுதான் எண்ணூறு வருஷம்?" என்று ஹல்வாரிடம் கத்தினேன்.

அவர் விரல் மடித்து எண்ணினார். தரை ஐம்பதுகளில் போட்டது. கூரை நாலு தரம் மாற்றியது. ஒரு சுவர் முழுக்கப் புதிது. தூண்கள் பழசு, அதிலும் இரண்டு இல்லை. "மிச்சம் கோயில்" என்றார். "அந்த மிச்சம் எங்கை இருக்கு எண்டதிலதான் எனக்கும் கிறேத்தாவுக்கும் சண்டை."

துண்டைத் திருப்பித் தந்தார். வாங்கவில்லை. வேண்டுமென்றால் அடுப்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீதி இறங்கியதும், ஐயோ ஏன் அப்படிச் சொன்னேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

22 ஒக்டோபர்

காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. மருத்துவிச்சியிடம் ஓடினோம். அவ வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு என் காதுக்கும் தந்தா. டக்டக்கென்று ஓடுகிறது. "நித்திரை கொள்ளுது, விடு" என்றா.

எதில் பிடித்துக்கொண்டு தங்குகிறாய் நீ? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

11 நவம்பர்

ஆறாம் மாதம். பிள்ளை தங்கி நிற்கிறது.

8 ஜனவரி 1994

குனிய முடியவில்லை. கிறேத்தா வந்து எங்கள் வீட்டை எனக்குக் கூட்டித் தந்தார். முதலாளி வேலைக்காரியின் வீட்டைக் கூட்டுகிற நாடு இது.

அவர் என் நேர்த்தியைக் கேட்டார். நான் வாய் தவறி நேர்த்தி என்று சொல்லிவிட்டேன், பிறகு விடுவாரா? இனி எழுதினால் என்ன. பிள்ளை தங்கிப் பிறந்தால் ஒரு வயதுக்கு முன்னம் இந்தக் கோயிலுக்குள் கொண்டுவந்து கிடத்துகிறேன் என்று வைத்தேன். கிடத்திய பிறகு தாய் தொடக் கூடாது, தகப்பனும் தொடக் கூடாது. பிள்ளை அப்போது கோயிலுடையது. கோயில் ஆள் ஒருவர், பாதரோ மூப்பரோ, தூக்கித் தாயின் கையில் தர வேண்டும். அப்போதுதான் அது எங்கள் பிள்ளை.

"கோயில் கட்டி முடிய நாலு வருஷம் ஆகுமாம். இந்த நேர்த்தியை நான் எங்கை போய்க் கழிக்கிறது? நீதானே எங்களுக்கு மூப்பர்?" என்றேன்.

அவர் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கோயில் இல்லாத இடத்தில நான் எந்தக் கோயில் ஆள்?" என்றார். அவருடைய கண் கலங்கியதை இன்றைக்குத்தான் கண்டேன். அந்தக் கோயிலில்தான் அவருக்குக் கலியாணம், அங்கேதான் புருஷனின் சவப்பெட்டியையும் வைத்திருந்தார்களாம். நான் என் பாட்டையே பாடிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

6 மார்ச், ஞாயிறு

பெண். மூன்று கிலோ நூறு. அமலி. இரண்டு காலும் இரண்டு கையும் இருக்கிறது, நான் எட்டுத் தரம் பார்த்துவிட்டேன்.

20 ஏப்ரல்

இவர் சொல்கிறார், நகரத்துக் கோயிலில் கிடத்துவோமாம், எல்லாம் ஒரே கடவுள்தானாம். நேர்த்தி வைத்த இடம் வேறு. கடன் பட்டது ஒரு வீட்டில், கொடுக்கப் போவது அடுத்த வீட்டிலா என்று கேட்டேன். "அந்த வீடுதான் எரிஞ்சு போச்சே காணும்" என்றார். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்கு அந்த நேர்த்திதான் ஞாபகம் வருகிறது.

18 ஜூன், சனி

ஹல்வார் ஆள் அனுப்பினார், அடிமரம் நாலும் வைத்தாயிற்று, பிள்ளையைக் கொண்டுவந்து காட்டு என்று. இவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

வெறும் நாலு மரம். கல்லுகளுக்கு மேலே, மூலைக்கு மூலை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடந்தன. முழங்கால் உயரம். சுவரில்லை, கூரையில்லை. நடுவில் மண். வெள்ளை மரத்தில் கோடாலி பட்ட தடம் பளிச்சென்று தெரிந்தது. சாய்த்தா நேராகவா என்று கடைசியில் அவராகவே ஊகித்துச் செதுக்கியிருக்கிறார். "சரியோ பிழையோ தெரியாது" என்று தாடியைச் சொறிந்தார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பெரிய தச்சனுக்கே தெரியவில்லை என்றால் நான் எம்மட்டு.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மரத்தைத் தாண்டி உள்ளே போனேன். கம்பளியை மண்ணில் விரித்தேன். அமலியைக் கிடத்திவிட்டுப் பின்னால் நடந்து வெளியே வந்து நின்றேன்.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?" என்று இவர் பதறினார்.

"தொடாதையுங்கோ. இப்ப அது கோயில்ரை பிள்ளை."

"எந்தக் கோயில்? நாலு தடி கிடக்கு!"

அமலி அழத் தொடங்கினாள். வேலைக்காரர் ஐந்தாறு பேரும் கோடாலியைக் கீழே வைத்தார்கள். ஹல்வார் ஓடி வந்து, "நான் தூக்கட்டே?" என்றார்.

"நீ கோயில் ஆளே?"

"நான் தச்சன்."

"அப்ப நில்."

நின்றார். இவரும் நின்றார். பிள்ளை முகம் சிவக்க வீரிட்டது. என் நெஞ்சில் பால் ஊறிச் சட்டை நனைந்தது. நான் என்ன மடத்தனம் செய்துவிட்டேன்? தூக்க ஆள் இல்லை. நான் தூக்கினால் நேர்த்தி பிழையாகிவிடும். தூக்காமல் எவ்வளவு நேரம் அழ விடுவது? ஒரு அடி முன்னால் வைத்தேன், திரும்பவும் பின்னால் வைத்தேன். மாதாவே, நான் பைத்தியக்காரி, எனக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக ஆரையாவது அனுப்பு என்று வாய்விட்டே சொன்னேன்.

வீதியில் கிறேத்தா கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்து மாதமாக இந்த மேட்டைத் தாண்டும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறவர். சைக்கிள் நின்றது. நான் கூப்பிடவில்லை. சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு மேட்டில் ஏறி வந்தார்.

அவர் வந்து நின்ற பக்கத்திலிருந்து பிள்ளை ஆறடி தூரம்கூட இல்லை. மரத்தைத் தாண்டிக் காலை வைத்தால் முடிந்தது. அவர் காலைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார்.

"ஹல்வார், வாசல் எந்தப் பக்கம்?"

ஹல்வார் கையால் மேற்கே காட்டினார்.

கிறேத்தா அந்த நீட்டு மரம் முழுவதையும் சுற்றி நடந்தார். மூலையில் திரும்பி, மேற்கு மரத்துக்கு நடுவில் வந்து நின்று, சப்பாத்தைப் புல்லில் துடைத்தார், இடது, வலது. இல்லாத கதவுக்குக் கொஞ்சம் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அந்தப் பழைய வாசலில் அவரைப்போல உயரமானவர்கள் குனிந்துதான் வர வேண்டும். நேரே போய் அமலியைத் தூக்கினார். அதே வாசலால் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு என்னிடம் நடந்து வந்து, என் கையில் தந்தார்.

"இந்தக் காத்துக்குள்ள தொப்பி போடாமலா பிள்ளையைக் கிடத்தினனீ?" என்று என்னை ஏசினார்.